வாட்ஸ்அப்பில் சிதறும் விதைக் கணக்கை எல்லோரும் சேர்ந்து தமிழ் வாக்கியங்களில் எழுதி வைப்பது எப்படி?

"அண்ணே, அந்தக் கவுனி போன வாரமே கொடுத்துட்டேன். மீதி அறுப்புக்கு அப்புறம் தர்றேன்."

மரபு நெல் விதையைப் பரிமாறிக்கொள்ளும் எந்தக் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் இப்படிப்பட்ட குரல் பதிவுகள் நூறு இருக்கும். கேட்ட அன்று எல்லோருக்கும் புரியும். ஆறு மாதம் கழித்து யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எத்தனை கிலோ, எந்த அறுவடையின் விதை என்ற நான்கு கேள்விக்கும் பதில் கிடைக்காது. தமிழில் எழுவாயைச் சொல்லாமலே பேசலாம், செயப்படுபொருளையும் விட்டுவிடலாம். பேச்சுக்கு அது வசதி, பதிவுக்கு அதுதான் முதல் சிக்கல்.

இதற்குத் தீர்வாகப் பலரும் முப்பது கட்டங்கள் கொண்ட ஒரு எக்செல் தாளைத் தயாரித்து அனுப்புவார்கள். இரண்டு பேர் நிரப்புவார்கள். மற்றவர்கள் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். அதைவிட எளிய வழி, தகவலைத் தமிழ் வாக்கியமாகவே எழுதுவது. ஆனால் வாக்கியத்தின் அச்சை, அதாவது எது முதலில், எது அடுத்து வரும் என்ற வார்ப்பை, மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். படித்தவுடன் எல்லோருக்கும் புரியும், தேடினாலும் கிடைக்கும்.

இந்த யோசனை புதிதில்லை. விமானப் பராமரிப்புக் கையேடுகளை எழுதுவதற்கென்றே கட்டுப்படுத்திய ஆங்கிலம் ஒன்று 1980களிலிருந்து இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது என்பவை அதன் விதிகளில் சில. சூரிச் பல்கலைக்கழகத்தில் 1995இல் தொடங்கிய அட்டெம்ப்டோ திட்டம் இதை இன்னொரு படி கொண்டுபோனது. அதன் விதிப்படி எழுதிய ஆங்கில வாக்கியத்தைக் கணினி தர்க்க வடிவமாகவே மாற்றிக்கொள்ளும். அதன் அடிப்படையில் டோபியாஸ் குன் உருவாக்கிய ஏஸ்விக்கி என்ற கூட்டுப் பதிவேட்டில், அடுத்து எந்தச் சொல் வரலாம் என்பதைத் திரையே காட்டும். கணினி தெரியாதவரும் சொற்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போய் வாக்கியத்தை முடித்துவிடலாம். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு கூகுள் ஷீட்டும் ஐந்து வாக்கிய அச்சுகளும் போதும்.

முதலில் பெயர்ப் பட்டியல்

ஷீட்டில் இரண்டு தாள்கள் போடுங்கள். ஒன்றுக்கு "பெயர்கள்", இன்னொன்றுக்கு "வரிகள்" என்று பெயர் வையுங்கள். வேலையைப் பெயர்கள் தாளில் தொடங்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் பிறகு ஒவ்வொரு வரியையும் திருத்த நேரும்.

ஒரே நெல்லை நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள்: கருப்புக் கவுனி, கருப்பு கவுனி, கறுப்புக் கவுனி, கருப்புக்கவுனி. மனிதக் கண்ணுக்கு நான்கும் ஒன்று. தேடும் கணினிக்கு நான்கும் வேறு வேறு. மாப்பிள்ளைச் சம்பாவிலும் இதே கதைதான். எது இலக்கணப்படி சரி என்று குழுவில் விவாதம் வளர்க்க வேண்டாம். ஒன்றை முடிவு செய்து முதல் கட்டத்தில் எழுதுங்கள். மற்ற வடிவங்களையும் ஊர்ப் பெயர்களையும் அதே வரியில் "வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் போடுங்கள். எழுதுபவர் எப்போதும் முதல் கட்டத்திலிருந்து நகலெடுத்து ஒட்ட வேண்டும், தட்டச்சு செய்யக் கூடாது.

நகலெடுக்கச் சொல்வதற்கு எழுத்துப்பிழையைத் தவிர வேறு காரணமும் உண்டு. திரையில் ஒரே மாதிரி தெரியும் தமிழ் எழுத்து, உள்ளே வேறாக இருக்கலாம். "ஸ்ரீ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்க முடியும். "ஔ" என்ற ஓரெழுத்துக்குப் பதில் "ஒ", "ள" என்று இரண்டெழுத்தைச் சேர்த்து அடிப்பவர்கள் ஏராளம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழும்; அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் சேர்க்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு எண் கொடுங்கள்: உ-01, உ-02 என்று. ஒரே ஊரில் மூன்று முருகேசன் இருப்பார்கள். தலைப்பெழுத்தை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார். "உ-03 முருகேசன்" என்று சேர்த்து எழுதினால் படிப்பவருக்குப் பெயர், தேடுபவருக்கு எண்.

விதைக்கும் எண் வேண்டும். இதைத்தான் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன, பிறகு மிகவும் வருந்துகின்றன. பூங்கார் என்று மட்டும் எழுதினால் எந்த வயலில், எந்த ஆண்டு விளைந்த பூங்கார் என்று தெரியாது. வகை, விதைத்த ஆண்டு, வரிசை எண் மூன்றையும் சேர்த்து "பூங்கார்-23-03" என்பதுபோல் ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு தொகுதி எண் கொடுங்கள். ஒரு வயலில் வேறு வகைக் கதிர் கலந்து வந்தால், அந்தக் கலப்பு எந்த அறுவடையில் நுழைந்தது, அதே தொகுதி இன்னும் யார் யாரிடம் போயிருக்கிறது என்று சில நொடிகளில் கண்டுபிடிக்கலாம். தொகுதி எண் இல்லாவிட்டால் ஊர் ஊராகப் போன் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

ஆண்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. சம்பாப் பயிர் ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஜனவரியில் முடியும். "2024 சம்பா" என்றால் விதைத்த ஆண்டா, அறுத்த ஆண்டா? எப்போதும் விதைத்த ஆண்டு என்று ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வாக்கிய அச்சுகள்

ஒரு வரிக்கு ஒரு நிகழ்ச்சி. தேதி முதலில். பிறகு யார், யாருக்கு, எது, எவ்வளவு, என்ன நடந்தது. இதோ ஒரு விதையின் ஓராண்டு, மாதிரிக்கு:

கொடுத்தது: 15-08-2024 அன்று உ-03 முருகேசன் அவர்கள் உ-12 செல்வி அவர்களுக்கு பூங்கார்-23-03 விதை 2 கிலோ கொடுத்தார்.

விதைத்தது: 04-09-2024 அன்று உ-12 செல்வி அவர்கள் பூங்கார்-23-03 விதையை 33 சென்ட் நிலத்துக்காக நாற்றங்காலில் விதைத்தார்.

அறுத்தது: 02-12-2024 அன்று உ-12 செல்வி அவர்கள் பூங்கார்-23-03 பயிரை அறுத்தார், புதிய தொகுதி எண் பூங்கார்-24-05, காய்ந்த நெல் 310 கிலோ.

சோதித்தது: 20-07-2025 அன்று உ-12 செல்வி அவர்கள் பூங்கார்-24-05 விதையில் 100 மணியை ஈரத்துணியில் வைத்தார், 86 மணி முளைத்தது.

திருப்பியது: 10-08-2025 அன்று உ-12 செல்வி அவர்கள் குழுவுக்கு பூங்கார்-24-05 விதை 4 கிலோ திருப்பினார்.

2 கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்ப வேண்டும் என்பது, மரபு நெல் விதைகளை மீட்டெடுத்த, 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்களில் நிலைத்த வழக்கம். உங்கள் குழுவின் கணக்கு வேறாக இருந்தால் அதையே எழுதுங்கள்.

இப்போது அந்த வாக்கியங்களைக் கூர்ந்து பாருங்கள். "செல்விக்கு" என்று எழுதவில்லை, "செல்வி அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறது. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், முக்கியக் காரணம் வேற்றுமை உருபு. தமிழில் உருபு ஏறும்போது பெயரே உருமாறிவிடும். காட்டுயானம் என்ற நெல்லின் பெயர் "காட்டுயானத்தை" ஆகும், சுப்பிரமணியம் என்பது "சுப்பிரமணியத்துக்கு" ஆகும், கிணறு "கிணற்றில்" ஆகும். பிறகு "காட்டுயானம்" என்று தேடினால் "காட்டுயானத்தை விதைத்தார்" என்ற வரி அகப்படாது. ஆகவே பட்டியலில் உள்ள பெயரை அப்படியே விட்டு, உருபை அதற்கு அடுத்த சொல்லில் ஏற்றுங்கள்: காட்டுயானம் விதையை, ஆதிரங்கம் ஊரில், சுப்பிரமணியம் அவர்களுக்கு. இந்த ஒரு பழக்கம் படிந்துவிட்டால் தேடலில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இன்னொரு பயனும் கிடைக்கிறது. "செல்வி அவர்களுக்கு" என்று தேடினால் அவர் வாங்கிய வரிகள் வரும். "செல்வி அவர்கள்" என்று மெய்யெழுத்தில் முடித்துத் தேடினால் அவர் செய்தவை மட்டும் வரும். "அவர்களுக்குப் பூங்கார்" என்று ஒருவர் ஒற்று மிகுந்து எழுதி, இன்னொருவர் மிகாமல் எழுதினாலும் தேடலுக்குப் பாதகமில்லை. பெயருக்குள் மட்டும் கைவைக்கக் கூடாது.

விதி வருவதற்கு முன் எழுதிய பழைய குறிப்புகளைத் தேட, சொல்லின் மாறாத பகுதியை மட்டும் அடியுங்கள். "காட்டுயான" என்று தேடினால் காட்டுயானம், காட்டுயானத்தை இரண்டும் வரும். "கிணற" என்றால் கிணறு, கிணற்றில் இரண்டும் வரும்.

எழுதக் கூடாத சொற்கள்

நேற்று, போன வாரம், தீபாவளிக்கு முன்னால், இங்கே, அவர், அதே விதை ஆகியவை பக்கத்து வரியையோ சொன்ன நாளையோ நம்பி நிற்பவை. வடிகட்டும்போது ஒவ்வொரு வரியும் தன் அக்கம்பக்கத்தை இழந்துவிடும். எந்த வரியைத் தனியாக வெட்டி எடுத்துப் படித்தாலும் பொருள் முழுதாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் இதைச் சோதித்துப் பாருங்கள்.

"செல்வியும் முருகேசனும் 4 கிலோ கொடுத்தார்கள்" என்பதில் ஆளுக்கு நான்கா, மொத்தம் நான்கா? "தலா" என்று சேர்க்கலாம். இரண்டு வரியாகப் பிரிப்பது இன்னும் நல்லது. "அல்லது" வேண்டவே வேண்டாம். எது என்று தெரியாவிட்டால் கேட்டு எழுதுங்கள்.

மூட்டையை எழுத வேண்டாம். அதன் எடை ஊருக்கு ஊர் வேறு. படி, மரக்கால் வந்தாலும் எடை போட்டுக் கிலோவாக எழுதச் சொல்லுங்கள். நிலத்துக்குச் சென்ட் போதும். காவிரிப் படுகையில் ஒரு மா என்றால் ஏறத்தாழ 33 சென்ட். ஆனால் மாவின் உட்பிரிவான குழி எல்லா ஊரிலும் ஒரே அளவு இல்லை, ஆகவே சொல்பவரிடமே கேட்டு மாற்றுங்கள்.

"நல்ல முளைப்பு" என்று எழுதினால் அதை வைத்து அடுத்தவர் ஒரு முடிவும் எடுக்க முடியாது. நூறு மணிக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். சான்று பெற்ற நெல் விதைக்கு 80 சதவீதம் குறைந்தபட்ச முளைப்பு என்ற அளவுகோல் இருப்பதால், 86 என்ற எண்ணைப் பார்த்ததும் யாரும் மதிப்பிட முடியும்.

"இல்லை" என்பதையும் "தெரியவில்லை" என்பதையும் குழப்பக் கூடாது. காட்டுயானம் இருப்பதாக ஒரு வரியும் இல்லை என்றால், யாரிடமும் விதை இல்லை என்று பொருளாகாது. யாரும் இன்னும் சொல்லவில்லை என்றுதான் பொருள். இந்தத் தவறால், கைவசம் இருக்கும் விதைக்காக வேறு மாவட்டத்துக்குப் போய் வர நேரும்.

தாளில் என்னென்ன கட்டங்கள்

வரிகள் தாளில் ஆறு கட்டங்கள் போதும்: வரி எண், வாக்கியம், வகை, எழுதியவர், எப்படித் தெரியும், சரிபார்த்த நாள். "வகை" கட்டத்தில் டிராப்டவுன் வைத்து மேலே சொன்ன ஐந்தையும் "குறிப்பு" என்ற ஆறாவதையும் கொடுங்கள். "எப்படித் தெரியும்" கட்டத்தில் நேரில், கேள்வி என்ற இரண்டு மட்டும்.

அந்தக் கட்டம் சிறியது, அதன் மதிப்பு பெரியது. தமிழில் ஏற்கனவே இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. "உப்பு நிலத்தில் தாங்கும்" என்பவர் பார்த்திருக்கிறார். "தாங்குமாம்" என்பவர் கேட்டிருக்கிறார். அந்த "ஆம்" எழுத்தில் ஏறும்போது காணாமல் போய்விடுகிறது, கேள்விப்பட்டது பார்த்ததாகிவிடுகிறது. குரல் பதிவில் அந்த விகுதி வந்தால் "கேள்வி" என்று குறித்துவிடுங்கள்.

வரி எண்ணைக் கையால் இடுங்கள். ஷீட்டின் இடது ஓரத்தில் தானாக வரும் எண்ணை நம்ப வேண்டாம், வரிசைப்படுத்தினால் அது வேறு வரிக்குப் போய்விடும். வரிசைப்படுத்தும்போது ஒரே கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தக் கட்டம் மட்டும் இடம் மாறி, வாக்கியம் ஒருவருடையதாகவும் சரிபார்த்த நாள் இன்னொருவருடையதாகவும் ஆகிவிடும். இது நடந்தால் உடனே நிறுத்தி, கணினியில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து முந்தைய வடிவத்துக்குத் திரும்புங்கள். அதற்கு மேல் யாரும் எழுதிவிட்டால் அவர்கள் எழுதியதும் போய்விடும்.

ஷீட்டின் அமைப்புகளில் லொகேலை இந்தியா என்று மாற்ற மறக்காதீர்கள். அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05-06-2025 என்பது ஜூன் ஐந்துக்குப் பதில் மே ஆறு ஆகிவிடும்.

சாதாரண வடிகட்டியை ஒருவர் போட்டால், தாளைத் திருத்தும் மற்றவர்களுக்கும் பாதி வரிகள் மறையும். "என் வரியை யாரோ அழித்துவிட்டார்கள்" என்ற சண்டைகள் பல இப்படித்தான் கிளம்புகின்றன. ஃபில்டர் வியூ என்று தனியாக இருப்பதைப் பயன்படுத்துங்கள், அது பார்ப்பவருக்கு மட்டும்.

யார் எழுதுவது

எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுக்க வேண்டாம். சிறிய குழுவுக்கு எழுதுபவர் இருவர், சரிபார்ப்பவர் ஒருவர் போதும். மற்றவர்களுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை. உறுப்பினர்கள் வழக்கம்போல வாட்ஸ்அப்பில் பேசட்டும். அவர்கள் பழக்கத்தை மாற்றப் போராடுவது வீண் வேலை.

எழுதுபவர் குரல் பதிவைக் கேட்டு, அச்சில் பொருத்துவார். காலியாக நிற்கும் இடத்தை மட்டும் கேட்பார்: "எந்தத் தேதிங்க? எத்தனை கிலோ?" வாக்கியம் முடிந்ததும் அதைச் சொன்னவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அவர் "சரி" என்று பதில் அனுப்பிய நாள்தான் சரிபார்த்த நாள். வாசிக்கத் தெரியாதவருக்குக் குரலில் படித்து அனுப்புங்கள். ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். அதை மிச்சம் பிடிக்க நினைத்தால் பதிவேட்டின் மேல் யாருக்கும் நம்பிக்கை வராது.

கைபேசியில் குரல்வழித் தட்டச்சு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது நெல் பெயர்களை அறியாது. பெயர்களை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுங்கள்.

பிழையான வரியை அழிக்காதீர்கள். புதிய வரி எழுதுங்கள்: "வரி 41இல் 2 கிலோ என்பது தவறு; 15-08-2024 அன்று கொடுத்தது 3 கிலோ என்று உ-03 முருகேசன் அவர்கள் சொன்னார்." பிறகு வரி 41இன் நிறத்தை மட்டும் சாம்பலாக மாற்றுங்கள்.

இருவர் சொல்வது முரண்பட்டால் அவசரப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பூங்கார் ஒருவருக்கு 85 நாளில் வந்திருக்கும், ஒருவருக்கு 95 ஆகியிருக்கும். மண், விதைத்த பருவம், தண்ணீர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இரண்டையும் ஊர்ப் பெயரோடு வைத்திருங்கள், சராசரி போட்டு ஒன்றாக்காதீர்கள். அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: ஒருவர் நாற்றங்காலில் விதைத்த நாளிலிருந்தும் மற்றவர் நடவு நாளிலிருந்தும் எண்ணியிருந்தால் வித்தியாசம் அதனாலேயே வந்திருக்கும். அச்சில் "நாற்றங்காலில் விதைத்தார்", "நேரடியாக விதைத்தார்" என்று பிரித்து எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி கேட்பது

திருப்ப வேண்டியவர் யார் என்று அறிய, வகையில் "கொடுத்தது" என்று வடிகட்டி, வாங்கிய உறுப்பினர்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு "திருப்பியது" என்று வடிகட்டி ஒப்பிடுங்கள். ஐம்பது வரிக்குள் கண்ணாலேயே முடிந்துவிடும்.

வரிகள் நூற்றுக்கணக்கில் ஏறிய பிறகு சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற உரையாடல் செயலிகளிடம் ஒட்டித் தமிழிலேயே கேட்கலாம். தனித்து நிற்கும் வாக்கியங்கள் என்பதால் அவை சிதறிய குரல் பதிவைவிட இவற்றை நன்றாகப் புரிந்துகொள்ளும். கேள்வியை இப்படி அமையுங்கள்: "கீழே உள்ள வரிகளை மட்டும் வைத்துப் பதில் சொல். ஒவ்வொரு பதிலுக்கும் வரி எண்ணைக் காட்டு. வரிகளில் இல்லாததற்கு 'பதிவில் இல்லை' என்று சொல்." வரி எண் காட்டாத பதிலை ஏற்காதீர்கள். காட்டிய எண்ணையும் தாளில் திறந்து பாருங்கள், இல்லாத வரியை இருப்பதாகச் சொல்வதும் உண்டு. கிலோக்களைக் கூட்டும் வேலையை அதனிடம் விட வேண்டாம், கிலோ எண்களைத் தனிக் கட்டத்தில் எடுத்து எழுதினால் ஷீட்டே பிழையில்லாமல் கூட்டித் தரும். ஒட்டும் முன் பெயர்களை நீக்கி உ-எண்களை மட்டும் விடுங்கள். தொலைபேசி எண், நிலத்தின் சர்வே எண் இரண்டும் இந்த ஷீட்டில் இருக்கவே கூடாது. வேறு கோப்பில், மூன்று பேருக்கு மட்டும் திறக்கும்படி வையுங்கள். "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற பகிர்வு அமைப்பை அணைத்துவிடுங்கள், வாட்ஸ்அப் லிங்க் எங்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தொடங்கும் நாள்

ஒரு மாலை உட்கார்ந்து முப்பது வரி மட்டும் எழுதுங்கள். கடந்த பருவத்தில் கொடுத்தது, திருப்பியது இரண்டு வகை போதும். பழைய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத்தான் தொடங்குவோம் என்று நினைக்கும் குழு தொடங்குவதே இல்லை. அச்சில் பொருந்தாத செய்தி வந்தால் "குறிப்பு" வகையில் போடுங்கள். ஒரே மாதிரிக் குறிப்பு பத்து சேர்ந்தால், எடுத்துக்காட்டாக வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டு விதை சேமித்த செய்திகள் சேர்ந்தால், அதற்கு ஆறாவது அச்சு உருவாக்குங்கள்.

குறுவைக்கு முன் ஒருமுறை, சம்பாவுக்கு முன் ஒருமுறை எல்லா வரிகளையும் ஏ4 தாளில் அச்செடுத்துக் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். கைபேசியைத் தொடாத பெரியவர்கள் அங்கேதான் குறுக்கிடுவார்கள்: "அது பூங்கார் இல்லப்பா, குள்ளக்கார். நான்தானே அளந்து போட்டேன்." தாளின் ஓரத்தில் வரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்று இரவே திருத்த வரியை ஏற்றி, மறுநாள் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.